டத்தோ என்றதும் கேள்வி கேட்க வாய் வரவில்லை

வாசகியின் கடிதம்:

வணக்கம் ஐயா. எனக்கு 51 வயது. சிங்கப்பூரில், உட்லண்ட்ஸில் இருக்கிறோம். தாதிமை இல்லம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். போன வருடக் கடைசியில் ஜோகூர் பாருவில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் ஒருவர் அறிமுகமானார். அவரை முன்வரிசையில் உட்கார வைத்து, மேடையில் பொன்னாடை போர்த்தி, டத்தோ ஸ்ரீ என்ற மலேசியப் பட்டத்தோடு அழைத்தார்கள். அப்பா பெரிய ரப்பர் தோட்ட முதலாளி, அரண்மனைக் குடும்பத்தோடு நெருக்கம் என்றார். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். அப்பா இறந்ததும் கோலாலம்பூர் வங்கியில் 40 லட்சம் ரிங்கிட் முடங்கிவிட்டது, மரபுரிமை வரி கட்டினால் வந்துவிடும் என்று சொல்லி முதலில் 3,000 சிங்கப்பூர் வெள்ளி வாங்கினார். மூன்றே வாரத்தில் 3,300 ஆகத் திருப்பிக் கொடுத்தார். அப்புறம் 10,000, பிறகு 14,000, ஒன்பது நாளுக்கு முன் 8,000 கொடுத்தேன். எல்லாம் மகள் படிப்புக்கு வைத்திருந்த பணம். என் அக்காவும் 20,000 கொடுத்திருக்கிறார். கூட வேலை செய்யும் இரண்டு பேர் ஆளுக்கு 5,000 கொடுத்தார்கள். அது கைத்தொலைபேசியிலேயே பணம் அனுப்பும் என் பேநவ் வழியாகத்தான் போனது. இப்போது ஞாயிற்றுக்கிழமைக்குள் 12,000 வேண்டும், கொடுத்தால் எல்லாருக்கும் இரட்டிப்பாக வரும் என்கிறார். நான் தயங்கியதும் குரல் மாறிவிட்டது. "போலீசுக்குப் போனால் ஆள் சேர்த்த நீதான் முதலில் மாட்டுவாய்" என்கிறார். அக்கா இன்னும் அவரை நம்புகிறார். என் வீட்டுக்காரருக்கு எதுவும் தெரியாது. ராத்திரி தூக்கமே இல்லை. நான் என்ன செய்வது?

பெயர் வேண்டாம், உட்லண்ட்ஸ்

அன்புள்ள சகோதரி,

அந்த 12,000 வெள்ளியைக் கொடுக்காதீர்கள். ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள். இதைப் படித்து முடிப்பதற்கு முன்பே உங்கள் வங்கியின் மோசடிப் புகார் எண்ணுக்கு அழைத்து, ஒன்பது நாளுக்கு முன் போன 8,000 வெள்ளியைப் பற்றிச் சொல்லுங்கள். அந்தப் பணம் இன்னும் அங்கேயே இருக்கும் என்று உங்களுக்கு ஆசை காட்ட மாட்டேன். ஆனால் ஒவ்வொரு நாள் தள்ளிப்போகும்போதும் கிடைக்கிற வாய்ப்பு குறைகிறது. வங்கியில் பேசிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

சரி, இப்போது அவர் சொன்ன கதைக்கு வருவோம். மரபுரிமை வரி என்றார் அல்லவா? மலேசியாவில் இறந்தவர் சொத்துக்கான வரி 1991 நவம்பர் முதல் தேதியோடு எடுக்கப்பட்டுவிட்டது. சிங்கப்பூரிலும் 2008 பிப்ரவரி 15-லிருந்து இல்லை. கட்டுவதற்கு அப்படி ஒரு வரியே கிடையாது. நான் வக்கீலாக இருபது ஆண்டுகளுக்கு மேலாக இறந்தவர்களின் சொத்து விவகாரங்களைக் கையாள்கிறேன். உயில் இருந்தால் நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தும். இல்லையென்றால் ஒரு நிர்வாகியை நியமிக்கும். அந்த ஆணையைப் பார்த்து வங்கி பணத்தை விடுவிக்கும். வக்கீல் கட்டணம் உட்பட நியாயமான செலவுகளை அந்தச் சொத்திலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். 40 லட்சம் ரிங்கிட் உள்ள ஒரு குடும்பம், தாதிமை இல்லத்தில் ஷிப்ட் பார்க்கும் பெண்ணின் சேமிப்பை நம்பி நிற்காது. சட்டம் படிக்காத யாரும் இந்த வரி விவரத்தைத் தெரிந்து வைத்திருக்க வேண்டியதில்லை. அதனால், ஏமாந்துவிட்டோமே என்று உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள்.

முதலில் வந்த 3,300 வெள்ளி விதைநெல் மாதிரி. இதே கணக்கைப் பல கட்சிக்காரர்களின் வங்கி அறிக்கைகளில் பார்த்திருக்கிறேன். சின்னத் தொகை சொன்ன நாளில் திரும்பி வரும், கொஞ்சம் கூடவே வரும். அதற்குப் பிறகு போவது எதுவும் வராது. அந்த 300 வெள்ளிதான் உங்களை அக்காவிடமும் தோழிகளிடமும் பேச வைத்தது.

பேநவில் பணம் அனுப்பும்போது பெறுபவர் பெயர் திரையில் வந்திருக்கும். அந்தப் பெயர் அவருடையதா? அநேகமாக இருக்காது. "என் காரியதரிசி", "என் வக்கீலின் கணக்கு" என்று ஏதாவது சொல்லியிருப்பார். அவ்வளவு பெரிய தொகை பேநவில் போயிருக்கிறது என்றால் அந்தப் பக்கம் சிங்கப்பூர்க் கணக்கு ஒன்று இருக்கிறது. அந்தக் கணக்குக்காரரையும் உங்களைப் போலவே பேசிப் பிடித்திருக்கலாம். போலீசுக்குக் கிடைக்கப்போகும் முதல் நூல்முனை அந்தப் பெயர்தான். உங்கள் வங்கிப் பதிவில் அது அப்படியே இருக்கும்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம் வேறு. "முன்வரிசையில் உட்கார வைத்து, மேடையில் பொன்னாடை போர்த்தி" என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் யார் என்பதற்கு உங்களிடம் இருந்த சான்று அவ்வளவுதான். கல்யாண வீட்டாருக்கு அவரை எப்படித் தெரியும்? யாரோ ஒருவர் டத்தோ ஸ்ரீ என்று அறிமுகப்படுத்தியிருப்பார். அவருக்கு அதைச் சொன்னது பெயர் அட்டை. அதற்கு முன் வேறொரு விழாவில் எடுத்த பொன்னாடைப் படம் கைத்தொலைபேசியில் இருந்திருக்கும். ஒரு மேடை அடுத்த மேடைக்குச் சாட்சி சொல்கிறது. எல்லா மேடைக்கும் பின்னால் தேடிப் போனால் அந்த ஆளின் வாய்ச்சொல் மட்டும்தான் இருக்கிறது. நம் விழாக்களில் தலைமை தாங்க ஒரு பெரிய பெயர் வேண்டும் என்று தேடி அலைகிறோம். தேடி வருகிறவர் யார் என்று யாரும் பார்ப்பதில்லை. இந்தப் பழக்கத்தின் மேல் எனக்கு உண்மையாகவே கோபம் உண்டு.

மலேசியப் பட்டத்தைச் சரிபார்க்க முடியும். எந்த மாநிலம் அல்லது கூட்டரசு கொடுத்தது, எந்த விருது, எந்த ஆண்டு என்று மூன்று கேள்விகள் போதும். கூட்டரசு விருது பெற்றவர்களின் பெயரை மலேசியப் பிரதமர் துறையின் சடங்குப் பிரிவு இணையத்தில் தேடிப் பார்க்கும் வசதியோடு வைத்திருக்கிறது. மாநில விருது என்றால் அந்த மாநில அரசாங்கத்திடம் கேட்கலாம். போலிப் பட்டம் அங்கே அவ்வளவு பெருகியதால்தான் 2017-இல் விருதுகள் தொடர்பான குற்றங்களுக்கென்றே மலேசியா தனிச் சட்டம் இயற்றியது. உண்மையான டத்தோ எந்த ஆண்டு, எந்த விருது என்று மகிழ்ச்சியாகச் சொல்வார். அது அவர் வாழ்க்கையில் பெரிய நாள். "என்னையே சந்தேகப்படுகிறாயா தங்கச்சி?" என்று முகம் வாடினால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

அப்படிக் கேட்க உங்களுக்கு வாய் வரவில்லை. எனக்கு அது நன்றாகப் புரிகிறது. பெரியவர்களைக் குறுக்குக் கேள்வி கேட்கக் கூடாது என்று சொல்லித்தான் நம்மை வளர்த்தார்கள். இந்த மாதிரி ஆட்கள் உங்கள் பேராசையைத் தேடி வருவதில்லை, சகோதரி. நீங்கள் கொடுக்கும் மரியாதையைத் தேடி வருகிறார்கள். கேட்பதே அவமரியாதை என்று நீங்கள் நினைக்கும் வரைக்கும் அவர்களுக்குப் பாதுகாப்பு.

அமெரிக்காவில் அந்தோணி ஜிக்னாக் என்று ஒருவர். கொலம்பியாவில் பிறந்து, மிச்சிகன் மாநிலக் குடும்பம் ஒன்றில் தத்துப்பிள்ளையாக வளர்ந்தவர். சவூதி இளவரசர் காலித் என்று சொல்லிக்கொண்டு பல ஆண்டுகள் வாழ்ந்தார். மயாமிக்குப் பக்கத்தில் பணக்காரர்கள் வாழும் தீவில் வீடு, மெய்க்காவலர்கள், காரில் போலித் தூதரக எண்பலகை. முதலீட்டாளர்களிடம் சுமார் 80 லட்சம் டாலர் வாங்கினார். அரச குடும்ப வழக்கம் என்று சொல்லி அவர்களிடம் விலை உயர்ந்த பரிசுகளும் பெற்றார். சவூதி இளவரசர் பன்றி இறைச்சி சாப்பிடுகிறாரே என்று ஒரு ஓட்டல் முதலாளியின் தரப்புக்குச் சந்தேகம் வந்தது, விசாரித்தார்கள். 2019-இல் அவருக்கு 18 ஆண்டுக்கு மேல் சிறை. அவரிடம் ஏமாந்தவர்கள் கோடிகளில் தொழில் செய்தவர்கள், பக்கத்தில் வக்கீல் வைத்திருந்தவர்கள். இதைச் சொல்வது உங்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான்.

அடுத்து, உங்களைத் தூங்கவிடாத கேள்வி. நீங்கள் மாட்டுவீர்களா?

சிங்கப்பூர்த் தண்டனைச் சட்டத்தில் ஏமாற்றுக் குற்றம் என்றால் ஏமாற்றும் எண்ணம் இருக்க வேண்டும். நீங்கள் நம்பினீர்கள், நம்பி உங்கள் மகளின் படிப்புப் பணத்தையே கொடுத்தீர்கள். அந்த எண்ணம் உங்களிடம் இருக்கவில்லை என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. இருந்தாலும் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தோழிகளின் 10,000 வெள்ளி உங்கள் கணக்கு வழியாகப் போயிருக்கிறது. குற்றத்தில் வந்த பணத்தைத் தெரிந்தே கைமாற்றினால் மட்டுமின்றி, கண்மூடித்தனமாகவோ அலட்சியமாகவோ கைமாற்றினாலும் குற்றம் என்று 2024 முதல் சட்டம் இறுக்கப்பட்டிருக்கிறது. அதனால் உங்களைக் கேள்வி கேட்பார்கள். கேட்கட்டும். நீங்களாகப் போய் முழுவதையும் சொல்வதற்கும், தோழிகளில் ஒருவர் புகார் கொடுத்த பிறகு உங்களை அழைப்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

சந்தேகம் வந்த நாள்தான் இதில் முக்கியமான கோடு. உங்களுக்கு அது வந்துவிட்டது. இந்தக் கடிதமே அதற்குச் சாட்சி. இனிமேல் "போன பணமாவது வரட்டும்" என்று இன்னொருவரிடம் கேட்டு வாங்கிக் கொடுத்தீர்கள் என்றால் நீங்களும் அந்தப் பக்கம் போய்விடுவீர்கள். அதன் பிறகு என்னைப் போன்ற ஒருவர் உங்களுக்காகப் பேசுவதும் கடினம். தோழிகளுக்குத் திருப்பிக் கொடுக்க வட்டிக்கடைக்கும் போகாதீர்கள். அவர்களிடம் உண்மையைச் சொல்லுங்கள். அவர்களும் தனியாகப் புகார் கொடுக்க வேண்டும்.

அவர் மேல் சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டால், ஏமாற்றிப் பணம் பறித்ததற்கு 420-ஆம் பிரிவில் 10 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. தான் இல்லாத ஓர் ஆளாகத் தன்னைக் காட்டி ஏமாற்றுவது 416-ஆம் பிரிவில் தனிக் குற்றம். அதற்கு 5 ஆண்டு வரை சிறை. காட்டிக்கொண்ட ஆள் உண்மையில் இருப்பவரா கற்பனையா என்பது முக்கியமில்லை என்று சட்டமே சொல்கிறது. அந்தப் பிரிவில் ஓர் எடுத்துக்காட்டும் வைத்திருக்கிறார்கள்: ஒருவன் தன் பெயரே உள்ள ஒரு பணக்கார வங்கியாளராகத் தன்னைக் காட்டி ஏமாற்றுகிறான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுதிய வரி அது. உங்களுக்கு நடந்தது எவ்வளவு பழைய வித்தை என்று பாருங்கள்.

ஆள் ஜோகூரில் இருக்கிறாரே, என்ன செய்ய முடியும் என்று நினைக்காதீர்கள். உங்களிடம் பேசி நம்ப வைத்ததில் பெரும்பகுதி தொலைபேசியில், நீங்கள் இங்கே இருக்கும்போது. பணம் போனதும் இங்கிருந்துதான். புகாரை இங்கேயே கொடுக்கலாம். 2022-இல் விலை உயர்ந்த கைக்கடிகாரம், கைப்பை விற்பதாகச் சொல்லிக் கோடிக்கணக்கில் வாங்கிக்கொண்டு லாரியில் ஒளிந்து எல்லை கடந்த தம்பதி நினைவிருக்கிறதா? ஜோகூர் பாரு ஓட்டல் ஒன்றில்தான் மலேசியப் போலீஸ் அவர்களைப் பிடித்து இங்கே ஒப்படைத்தது.

புகாரை, அரசு இணையச் சேவைகளுக்கான சிங்பாஸ் கணக்கு வழியாக இணையத்தில் கொடுக்கலாம். உங்கள் விஷயத்தில் நேரில் போவது நல்லது என்பது என் கருத்து. உங்கள் வட்டார அக்கம்பக்கப் போலீஸ் நிலையத்துக்குப் போங்கள். ஆங்கிலத்தில் தடுமாற வேண்டாம். தமிழில் சொல்கிறேன், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். போவதற்கு முன் வாட்ஸ்அப் உரையாடலை முழுவதுமாகச் சேமித்து ஒரு பிரதி மகளுக்கோ வேறு நம்பிக்கையான ஆளுக்கோ அனுப்பி வையுங்கள். குரல் பதிவுகளை அழிக்காதீர்கள், "நீதான் மாட்டுவாய்" என்றது குரல் பதிவாக இருந்தால் அது தங்கம் மாதிரி. அவர் கொடுத்த பெயர் அட்டை, வங்கிக் கடிதம், கல்யாணத்தில் எடுத்த படம் எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். போலீசுக்குப் போகிறேன் என்று அவரிடம் மூச்சு விடாதீர்கள். கோபத்தில் அவர் படத்தை ஃபேஸ்புக்கில் போடவும் வேண்டாம். உஷாராகிவிடுவார், அதோடு உங்கள் மேலேயே புகார் வர வழி செய்துவிடுவீர்கள்.

சான்றுகளை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. நியூயார்க்கில் அன்னா சோரோகின் என்ற இளம்பெண் அன்னா டெல்வி என்ற பெயரில், ஜெர்மனியின் பெரிய பணக்கார வாரிசாக நடித்து வங்கிகளையும் ஓட்டல்களையும் ஏமாற்றினார். 2019-இல் அவருக்குக் குறைந்தது 4, அதிகபட்சம் 12 ஆண்டு சிறை விதித்தார்கள். ஆனால் மொரோக்கோ பயணத்துக்காகத் தன் கடன் அட்டையில் 60,000 டாலருக்கு மேல் கட்டிவிட்டு நின்ற தோழி விஷயத்தில் ஜூரி அவரைக் குற்றவாளி அல்ல என்றது. பழகியவர்களுக்குள் கைமாறும் பணத்தை "கடன்தான், திருப்பித் தருவேன்" என்று எளிதாகத் திருப்பிவிடலாம். உங்கள் ஆளும் அதைத்தான் சொல்லப் போகிறார். பட்டம் பொய், வரி பொய் என்பதற்கு அவர் எழுத்திலும் குரலிலுமே சான்று இருந்தால் அந்த வாதம் நிற்காது.

குற்றம் உறுதியானால் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கொடுக்கச் சொல்லலாமா என்று நீதிமன்றம் பார்க்கும். அவரிடம் பணம் மிச்சம் இருந்தால்தான் அது உங்கள் கைக்கு வரும். சிவில் வழக்கும் போடலாம். 60,000 வெள்ளி வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் நடக்கும். சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம் கடன் வழக்கை எடுக்காது, அங்கே அலைய வேண்டாம். புரோ போனோ எஸ்ஜி நடத்தும் இலவசச் சட்ட ஆலோசனைக்குப் பதிவு செய்து கொள்ளுங்கள். ஆனால் அந்தத் தேதி வரும்வரை போலீஸ் புகாரைத் தள்ளிப் போடாதீர்கள். பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள் என்று யாராவது அழைத்தால் அதுவும் மோசடிதான், உடனே வைத்துவிடுங்கள்.

உங்கள் அக்காவைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. 1820-களில் கிரகர் மக்கிரகர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் லண்டனில் வந்து இறங்கி, நடு அமெரிக்காவில் போயாய்ஸ் என்ற நாட்டுக்குத் தான் இளவரசன் என்றார். அப்படி ஒரு நாடே கிடையாது. அதன் நிலத்தை விற்றார், கடன் பத்திரம் விற்றார். சுமார் 250 பேர் குடும்பத்தோடு கப்பலேறிப் போனார்கள். அங்கே காடும் காய்ச்சலும்தான் இருந்தன. பாதிக்கு மேல் செத்துப் போனார்கள். பிழைத்துத் திரும்பியவர்களில் சிலர் மக்கிரகர் மேல் தவறில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். நம்பிக்கை போனால் இழந்ததற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டி வரும் என்ற பயம் அது என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் அக்கா அந்த இடத்தில்தான் நிற்கிறார். "உன்னை ஏமாற்றிவிட்டான்" என்று ஆரம்பித்தால் அவர் அந்த ஆளுக்காகத்தான் வாதாடுவார். அந்த வரியைப் பற்றி மட்டும் பேசுங்கள். "அக்கா, மலேசியாவில் அந்த வரியே இல்லையாம், நீயே கேட்டுப் பார்" என்று சொல்லி அவரை விட்டே 1799 எண்ணுக்கு அழைக்க வையுங்கள். மோசடி பற்றிய சந்தேகங்களுக்கு இருபத்து நான்கு மணி நேரமும் பதில் சொல்லும் எண் அது.

ஏமாறுகிறவர் கேட்காமல் பணம் அனுப்பிக்கொண்டே இருந்தால் வங்கிக்கு ஆணையிட்டு 30 நாள் வரை நிறுத்தி வைக்கும் அதிகாரம் 2025 ஜூலை முதல் போலீசுக்கு உண்டு. தொலைபேசியிலும் இணையத்திலும் நடக்கும் மோசடிக்கென்று வந்த சட்டம் அது. கல்யாணத்தில் நேரில் பழகிய ஆள் என்பதால் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். இணையவழி எடுக்க முடியாதபடி சேமிப்பின் ஒரு பகுதியைப் பூட்டி வைக்கும் வசதி வங்கிகளில் இருக்கிறது. அக்காவை வங்கிக்குக் கூட்டிப்போய் அதைச் செய்ய வைத்தால் நிம்மதி.

கடைசியாக உங்கள் வீட்டுக்காரர். என் அப்பா சிராங்கூன் சாலையில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தவர். 1980-களில், தமிழ்நாட்டு அமைச்சர் ஒருவரின் மைத்துனர் என்று சொல்லிக்கொண்டு வந்தவரிடம் ஊரில் மனை வாங்க 4,000 வெள்ளி கொடுத்தார். ஆள் போனவர் போனவர்தான். வீட்டுக்கு அழைத்து வாழை இலை போட்டுச் சோறு பரிமாறிய ஆளைப் பற்றி எப்படிப் புகார் கொடுப்பது என்று அப்பா பேசாமல் இருந்துவிட்டார். அம்மாவிடம் ஆறு வருடம் கழித்துத்தான் சொன்னார். அம்மா பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆறு வருடமாக இவர் ஏன் சரியாகச் சாப்பிடவில்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது என்று சொல்லி அழுதார்.

உங்கள் வீட்டுக்காரர் கோபப்படலாம். கத்தலாம். அது அவருடைய பணமும்தான், அந்தக் கோபத்துக்கு அவருக்கு உரிமை இருக்கிறது. ஆனால் போலீஸ் அதிகாரி வீட்டுக்கு அழைத்து அவர் தெரிந்துகொள்வதைவிட உங்கள் வாயால் கேட்பது எவ்வளவோ மேல். கைத்தொலைபேசியை அவர் கையில் கொடுத்து, முதல் செய்தியிலிருந்து படிக்கச் சொல்லுங்கள். மனது மிகவும் தளர்ந்து, தனியாகத் தாங்க முடியவில்லை என்று தோன்றினால் மனநெருக்கடியில் இருப்பவர்களுக்கான 1767 உதவி எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம், அதற்கும் தயங்காதீர்கள்.

சனிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த ஆள் நிச்சயம் அழைப்பார். அப்போது நீங்கள் தனியாக இருக்கக் கூடாது. வீட்டுக்காரர் பக்கத்தில் இருக்கட்டும், அழைப்பை எடுக்காமல் விட்டுவிடுங்கள்.